கேஷ்: ஓர் ஒலியில் இரண்டு சொற்கள்

கடல் கடந்த சொற்கள் – 9

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பட்டியலிடும்போது கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் வந்த கையோடு காசும் வந்து நிற்கும். ஆங்கிலேயன் பணத்தைக் கேஷ் என்கிறான். நாம் காசு என்கிறோம். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆகவே அவன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது, கைபேசிச் செய்திகளில் பரப்பப்படுகிறது. வங்கியில் கேஷியருக்குக் காசாளர் என்றும் செக்குக்குக் காசோலை என்றும் தமிழில் பெயர் அமைந்துவிட்டதால் இந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. இந்தக் கூற்றில் பாதி உண்மை. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் கேஷ் தமிழ்ச் சொல் அன்று. ஆனால் ஆங்கிலத்தில் கேஷ் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது ஒரு சிறு நாணயத்தின் பெயர். அது நம் காசுதான். நல்ல ஆங்கில அகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாகவே பதிக்கின்றன. நாம் பெருமை கொண்டாடுவது நமக்கு உரிமையில்லாத பாதியை. உரிமையுள்ள பாதியின் வரலாற்றையோ அநேகமாக யாரும் சொல்வதில்லை. அந்த வரலாறு சென்னையிலிருந்து ஜாவா, சீனா வரைக்கும் நீள்வது. அதை மீட்க வேண்டுமானால் முதலில் முதற்பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைச் சான்றுகளோடு பார்ப்போம்.

பணத்தைக் குறிக்கும் கேஷ் தொடக்கத்தில் பணத்தைக் குறிக்கவில்லை, பெட்டியைக் குறித்தது. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைக்கும் உருளை வடிவப் பேழைக்குக் காப்ஸா என்று பெயர். பிள்ளைகளின் பேழையைச் சுமந்துகொண்டு பள்ளிக்குக் கூடப் போகும் அடிமையைக் காப்ஸாரியஸ் என்றார்கள். பிடித்தல், கொள்ளுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையடியிலிருந்து கிளைத்த சொல் அது. லத்தீன் சிதைந்து இத்தாலியமாகவும் பிரெஞ்சாகவும் பிரிந்தபோது இச்சொல்லும் பிரிந்தது: இத்தாலியத்தில் காஸா ஆயிற்று, பிரெஞ்சில் கெஸ், ஷாஸ் என்று இரண்டு மூன்று உருவம் கொண்டது. ஆங்கிலத்தில் உறையைக் குறிக்கும் கேஸ், மருந்துக் குப்பியான கேப்ஸ்யூல், பாட்டு நாடாவின் கேஸட், வண்டியின் அடிச்சட்டமான சேஸி, சன்னல் சட்டமான சாஷ் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். கேஷும் இந்த வீட்டில் பிறந்ததுதான். வணிகன் பணம் வைக்கும் பெட்டி என்பதிலிருந்து பெட்டியில் இருக்கும் பணம் என்று அதன் பொருள் நகர்ந்தது. இத்தாலியர் இன்றும் பணம் செலுத்துமிடத்தைக் காஸா என்கிறார்கள். ஜெர்மானியர் காஸே என்கிறார்கள். ரஷ்யர் காஸா என்கிறார்கள். தமிழோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஐரோப்பிய நகரங்களில் எல்லாம் பயணச்சீட்டுச் சாளரத்துக்கு மேல் இந்தச் சொல் எழுதியிருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தன் சொல்லைச் சோழமண்டலக் கரையிலிருந்து பெற்றதென்றால், சுற்றிலுமுள்ள மொழிகள் அனைத்தும் அதே சொல்லை அதே பொருளில் பெட்டியிலிருந்து பெற்றிருப்பதை எப்படி விளக்குவது?

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். ஐரோப்பியர் எல்லோருமே போர்ச்சுகீசியர் வழியாக நம் காசை அறிந்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போர்ச்சுகீசியர் மலபார்க் கரையில் வேரூன்றி நூறு ஆண்டு கழித்துத்தான் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆனால் இந்தத் தடை நான்கு ஆண்டு இடைவெளியில் விழுந்துவிடுகிறது. லூக்கா பசோலி என்ற துறவி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் வணிகர்களின் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்குகிறார். அதில் பேரேட்டில் திறக்க வேண்டிய கணக்குகளில் காஸா என்பதற்கும் முதல் என்பதற்கும் தனி விளக்கம் தருகிறார். காஸா என்பது அவருக்கு வணிகனின் பணப்பெட்டி, கணக்கேட்டில் அந்தப் பெட்டியைக் குறிக்கும் தலைப்பு, கையிலிருக்கும் பணம் ஆகிய மூன்றும்தான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498 மே மாதம். பசோலி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர் நெடுநாளாகக் கையாண்ட முறையைத்தான் எழுதினார். ஆகவே பெட்டி பணமான மாற்றம், ஒரு கப்பல்கூட நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே இத்தாலியில் நடந்து முடிந்துவிட்டது.

அதற்கும் முன்பு ரோமாபுரியோடு நமக்கு வணிகம் இருந்ததே, முசிறியும் அரிக்கமேடும் கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானிய நாணயப் புதையல்களும் சான்றாக இருக்கின்றனவே, காப்ஸா என்பதே காசிலிருந்து போயிருக்கலாமே என்பது அடுத்த தடை. வணிகம் நடந்ததில் ஐயமில்லை. ஆனால் இரண்டு சொற்களின் எலும்பைப் பார்க்க வேண்டும். லத்தீனில் பகர மெய் நடுவில் நிற்கிறது: காப்ஸா. அந்தப் பகரம் வினையடியின் பகரம். அந்த வினையடியிலிருந்து கிளைத்த பிற லத்தீன் சொற்களிலும் அது வருகிறது. இத்தாலியத்தில்தான் அது தேய்ந்து, சகரம் இரட்டித்துக் காஸா ஆனது. காசிலிருந்து அது பிறந்திருந்தால் இல்லாத பகரம் எங்கிருந்து முளைத்தது என்று சொல்லியாக வேண்டும். நமக்கு இன்று தெரியும் ஒலி ஒற்றுமை, பகரம் மறைந்த பிறகு உண்டான ஒற்றுமை. காலத்தில் பின்னோக்கிப் போகப் போக உண்மையான உறவுச் சொற்கள் நெருங்கிவரும். தற்செயலாக ஒத்துவரும் சொற்கள் விலகிப் போகும். ஒன்று என்பதும் ஆங்கிலத்தின் ஒன் என்பதும் இன்று காதுக்கு ஒத்து ஒலிக்கின்றன. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது ஆன். காப்ஸாவும் காசும் அவ்வாறே விலகிப் போகிறவை.

ஆங்கிலத்தில் கேஷ் எப்போது, என்ன பொருளில் நுழைந்தது என்பதற்கு அச்சுச் சான்று உண்டு. ஜான் ஃப்ளோரியோ 1598இல் லண்டனில் வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதி, காஸா என்பதற்குப் பெட்டி முதலிய பொருள்களைச் சொல்லிவிட்டு, வணிகனின் கேஷ் என்றும் ஒரு பொருள் தருகிறது. காட்கிரேவின் பிரெஞ்சு–ஆங்கில அகராதி 1611இல் இதையே சொல்கிறது. ஷேக்ஸ்பியர் 1599 அளவில் எழுதிய ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஒரு படைவீரன் தனக்கு வரவேண்டிய பந்தயத் தொகையைக் கேட்க, இன்னொருவன் அதைக் கேஷாகத் தருவதாகச் சொல்கிறான். அரங்கத்துப் பொதுமக்களுக்கும் அந்தச் சொல் அதற்குள் புரிந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி பட்டயம் கொடுத்தது 1600ஆம் ஆண்டின் கடைசி நாள். கம்பெனி மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தது 1611. சென்னையில் நிலம் பெற்றது 1639. தமிழ்நாட்டுக் கரையில் ஆங்கிலேயன் கால் வைக்குமுன்பே லண்டன் நாடகக் கொட்டகையில் கேஷ் ஒலித்துவிட்டது. பெட்டி என்ற பொருளும் உடனே மறைந்துவிடவில்லை. 1677இல் வெளிவந்த லண்டன் வணிகர் விவரப் புத்தகம் ஒன்று, வாடிக்கையாளரின் பணத்தை வைத்துக்கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்யும் பொற்கொல்லர்களைத் தனியே பட்டியலிடுகிறது. அவர்கள் கேஷ்களை வைத்திருப்பவர்கள் என்று பன்மையில் எழுதுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் கேஷுக்குப் பன்மை கிடையாது. பெட்டிகளையும் இருப்புகளையும் எண்ணலாம் என்பதால்தான் அங்கே பன்மை வந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியில் பிரெஞ்சுப் பெட்டிச் சொல்லை மூலமாகக் காட்டி, பெட்டியில் உள்ள பணம், கைவசம் உள்ள பணம் என்றே விளக்கம் எழுதினார்.

பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் சகரமாக இருந்தது ஆங்கிலத்தில் ஷகரமானது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. காஸாவிலிருந்து வந்தால் காஸ் என்றுதானே ஆகவேண்டும்? இங்கே ஆங்கிலத்தின் பழக்கம் விடை தருகிறது. பிரெஞ்சில் ஸகரம் இரட்டித்து நின்ற சொற்கள் பல ஆங்கிலத்தில் ஷகரம் பெற்றிருக்கின்றன. மன வேதனையைக் குறிக்கும் ஆங்வாஸ் அங்குவிஷ் ஆயிற்று. நாயைக் கட்டும் வாரான லெஸ் லீஷ் ஆயிற்று. திண்டைக் குறிக்கும் கூஸன் குஷன் ஆயிற்று. தள்ளுதலைக் குறிக்கும் பூஸே புஷ் ஆயிற்று. கேஷ் இந்த வரிசையில் இயல்பாக அமர்கிறது. அதற்கு வெளியிலிருந்து ஒரு ஷகரம் தேவைப்படவே இல்லை.

ஒலியை விடவும் பொருள்தான் வலுவான சான்று என்பது என் எண்ணம். பெட்டி எப்படிப் பணமாகும் என்று தயங்குகிறவர்கள் தமிழையே பார்க்கலாம். புலவருக்குப் பொற்கிழி கொடுத்தார்கள் என்கிறோம். கிழி என்பது துணித்துண்டு. பொன்னை முடிந்து கொடுத்த துணி பரிசுத் தொகைக்கே பெயராகிவிட்டது. பணமுடிப்பு என்பதும் அப்படித்தான். கடையில் பணம் போடும் கல்லா, திரைப்படம் நன்றாகக் கல்லா கட்டியது என்னும்போது வசூலைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் நிதிநிலை அறிக்கையைக் குறிக்கும் பட்ஜெட் ஒரு தோல்பையின் பழைய பிரெஞ்சுப் பெயர். அரசுக் கருவூலத்தோடு தொடர்புடைய ஃபிஸ்கல் என்ற சொல்லின் மூலம் ரோமானியரின் பிரம்புக்கூடை. பணத்துக்கு அதன் கொள்கலத்தின் பெயர் வருவது உலகெங்கும் நடப்பது. அதே நேரத்தில், ஆங்கிலக் கேஷ் எல்லாப் பணத்தையும் குறிப்பதில்லை. கடனுக்கு மாறாக, கையோடு கையாகக் கொடுக்கும் பணத்தைக் குறிக்கிறது. தமிழ் வணிகர் அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டியபோது காசு என்ற சொல்லை எடுக்கவில்லை, ரொக்கம் என்றார்கள். இன்று ரொக்கம் நாளை கடன் என்று கடைக்கடையாக எழுதி மாட்டியதில் காசு இல்லை. காசு தமிழில் முதலில் ஒரு பொருளின் பெயர், ஒரு நாணயத்தின் பெயர். இன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பேச்சு வழக்கில் பொதுவாகப் பணத்தையே அது குறிக்கிறது என்றாலும், கைவசப் பணம் என்ற கணக்கியல் பொருள் அதன் இயல்பான பொருள் அன்று. காசாளர் என்பது பிற்காலத்தில் நாம் ஆங்கிலச் சொல்லுக்கு ஒலியும் பொருளும் பொருந்த ஆக்கிய பெயர். நல்ல ஆக்கம், ஆனால் ஆக்கம் மூலத்துக்குச் சான்றாகாது.

இனி நம் காசுக்கு வருவோம். அதன் வயது இந்த வழக்குக்குத் தேவைப்படாத அளவுக்குப் பெரியது. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தை, பொன்னணிக்குப் புது நூல் கோக்கிறவனின் நகத்தில் பிடிபட்ட பொற்காசுக்கு ஒப்பிடுகிறார். அங்கே காசு என்பது கோத்து அணியும் பொன் உரு. நாணயமாகவும் அது இருந்திருக்கலாம், ஏனென்றால் நாணயத்தைக் கோத்து அணிவது நம் பெண்கள் இன்றுவரை விடாத வழக்கம். மணி, மேகலை, குற்றம், வெண்பாவின் ஈற்றுச் சீர் வாய்பாடு என்று இலக்கியத்திலும் நிகண்டிலும் யாப்பிலும் அதற்குப் பல பொருள்கள். சோழர் காலத்தில் அது கணக்கு வழக்கின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகளில், கோயிலுக்கு முதலாக வைத்த காசை ஊர்ச் சபைகள் வட்டிக்குப் பெற்றதும், ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பலிசை செலுத்த ஒப்புக்கொண்டதும் வரிவரியாகப் பதிவாகியிருக்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்தக் காசு அரைக் கழஞ்சுப் பொன் பெறும் நாணயம். கோயிலின் வழிபாட்டுச் செலவுகள் பலவற்றுக்கு அந்த அரைக்கால் வட்டி ஆதாரமாக இருந்தது. பிறகு நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பெயர் பொன்னிலிருந்து இறங்கிச் செம்புக்கு வந்தது. விசயநகர ஆட்சி வந்த பின் தெற்கே வராகன் பொன்னாகவும் பணம் அதன் கூறாகவும் நிற்க, காசு அடித்தட்டுச் செப்பு நாணயமாயிற்று. ஐரோப்பியர் கண்டது இந்தச் செப்புக் காசைத்தான். கோயில் கணக்கில் ஆண்ட பொன் அவர்கள் கண்ணில் படவில்லை. சந்தையில் கீரைக்கும் வெற்றிலைக்கும் கைமாறிய செம்பு பட்டது.

போர்ச்சுகீசியர் அதைக் கேட்டு எழுதியபோதுதான் இந்தக் கதையின் மிக விந்தையான திருப்பம் நிகழ்கிறது. அவர்கள் அதைக் கைஷா என்று எழுதினார்கள். கைஷா என்பது அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த சொல். பெட்டி என்று பொருள். அதுவும் லத்தீன் காப்ஸாவின் மகள். அதாவது, தெரியாத ஒரு நாணயப் பெயருக்குத் தெரிந்த ஒரு பெட்டிப் பெயரின் எழுத்துக்கூட்டை அணிவித்தார்கள். மலையாளத்தில் காசின் சகரம் ஷகரத்தை நெருங்கி ஒலிக்கும். அவர்கள் முதலில் கேட்டதும் மலபார்க் கரையில்தான். ஆகவே காதில் பெரிய பிழை இல்லை. ஆனால் எழுத்தில் இரண்டு சொற்களும் ஓருருவாகிவிட்டன. மூலத்தில் தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் முதன்முதலில் சந்தித்த இடம் லிஸ்பனின் எழுத்து வழக்கு. அங்கிருந்து அந்த நாணயப் பெயர் போர்ச்சுகீசியக் கப்பல்களோடு கிழக்கே போனது. 1511இல் மலாக்கா அவர்கள் கைக்கு வந்தது; ஜாவாவிலும் சுந்தாவிலும் நடுவில் துளையிட்ட சீன நாணயங்கள் கயிற்றில் கோத்துப் புழங்குவதைக் கண்டார்கள்; அதையும் கைஷா என்றார்கள். வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதிய பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் அச்சானது 1598இல்; அதில் சுந்தாவின் இந்த நாணயம் கைஷா என்ற பெயரோடு வருகிறது. ஃப்ளோரியோவின் அகராதி வந்த அதே ஆண்டு, அதே நகரம். ஒரே ஆண்டில் லண்டன் புத்தகக் கடைகளில் ஒரு நூல் பெட்டியான கேஷையும் இன்னொரு நூல் நாணயமான கைஷாவையும் ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்தின. ஒன்றை ஒன்று அறியாமல் இரண்டு வழியாக இரண்டு சொற்கள் வந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கைஷா ஆங்கிலத்தில் பின்னர் கேஷ் என்ற எழுத்துக்கூட்டுக்குள் அடங்கியபோது ஒற்றுமை முழுமையாயிற்று.

சென்னையில் கம்பெனியின் கணக்கு வராகன், பணம், காசு என்ற மூன்று பத்திகளில் எழுதப்பட்டது. எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஆங்கிலக் கணக்கர் இந்த மூன்றாவது பத்தியைக் கேஷ் என்றார். கையிருப்புப் பணத்தையும் கேஷ் என்றார். இரண்டும் அடுத்தடுத்துப் புழங்கியதால் கலந்திருக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். இலக்கணம் அதை மறுக்கிறது. நாணயமான கேஷை எண்ணலாம்: பத்து கேஷ், இருபது கேஷ். பணமான கேஷை எண்ண முடியாது. பத்துக் கேஷ் பணம் கொடு என்று எந்த ஆங்கிலேயனும் சொல்லமாட்டான். எவ்வளவு காலம் ஒரே கணக்கேட்டில் வாழ்ந்தாலும் இவை தங்கள் இலக்கணத்தைப் பரிமாறிக்கொள்ளவில்லை. இரு சொல் என்பதற்கு உலோகத்திலேயே பொறித்த சான்றும் இருக்கிறது. பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலை 1803இலும் 1808இலும் சென்னை மாகாணத்துக்காக நீராவிப் பொறியால் அச்சடித்த செப்பு நாணயங்களில் ஒருபுறம் கம்பெனியின் சின்னம் இருக்கும். மறுபுறம் பாரசீக எழுத்தில் இருபது காஸ் நான்கு ஃபலூஸ் ஆகும் என்றும், அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது கேஷ் என்றும் எழுதியிருக்கும். ஆங்கில வரியில் போர்ச்சுகீசியர் வழி வந்த ஷகரம். பாரசீக வரியில் நம் வாயில் வழங்கும் சகரம். 1808ஆம் ஆண்டுக் காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றி வந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் புயலில் சிக்கி இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980களில் மூழ்காளிகள் அவற்றை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். சென்னைச் சந்தையைக் காணாத அந்தக் காசுகள் இன்று உலகமெங்கும் நாணயம் சேகரிப்பவர்களிடம் இருக்கின்றன.

ஆங்கிலேயர் மட்டுமல்லர். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்கள் தங்கள் அரசரின் பெயர்ச் சின்னத்தோடு செப்பு நாணயம் அடித்தார்கள். மதிப்பு காஸ் என்றே பொறிக்கப்பட்டது. டேனிஷ் மொழியில் பெட்டிக்குப் பெயர் காஸெ. நாணயத்தின் பெயரை அவர்கள் அதோடு குழப்பிக்கொள்ளவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் காஷ் என்றார்கள். எழுத்தில் அது மறைத்தல் என்னும் பொருளுள்ள அவர்களுடைய சொந்தச் சொல்லைப் போலவே அமைந்துவிட்டது. இந்த மறைத்தல் சொல்லும் ஆங்கிலத்துக்குப் போய்க் கேஷ் என்றே ஒலிக்கிறது. கணினியின் விரைவு நினைவகத்துக்கு 1960களின் கடைசியில் அந்தப் பெயரை இட்டார்கள். தமிழில் எழுதும்போது பணமும் நினைவகமும் ஓர் எழுத்துக்கூட வேறுபாடின்றிக் கேஷ் ஆகிவிடுகின்றன. கேஷியர் என்பதிலும் இப்படி இரண்டு உண்டு. பணப்பெட்டிக்குப் பொறுப்பானவர் ஒருவர். இன்னொன்று வினைச்சொல்: படை அதிகாரியைப் பதவி பறித்து வெளியேற்றுதல். நெதர்லாந்துப் போர்க்களங்களில் 1580களில் பணியாற்றிய ஆங்கிலப் படைகள் டச்சு வழக்கிலிருந்து அதை எடுத்துக்கொண்டன. முறித்தல், செல்லாததாக்குதல் என்னும் பிரெஞ்சு வினை அதன் மூலம். பெட்டியோடு அதற்கு உறவில்லை. ஒலியை மட்டும் நம்பினால் இவற்றையும் ஒரே சொல்லாக்க வேண்டியிருக்கும்.

தமிழ் மூலத்துக்கே ஒரு தடை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசு என்பது கர்ஷம் என்ற வடமொழி எடைப் பெயரிலிருந்து வந்தது என்ற கருத்தை 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்–ஜாப்ஸன் சொற்களஞ்சியம் எழுதிவைத்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்தவர், தஞ்சை அரண்மனைச் சுவடிகளை ஆராய்ந்தவர். அவர் கருத்தைப் புறக்கணிக்க முடியாது. மறுபுறம் பர்ரோவும் எமெனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி காசைத் திராவிடச் சொல்லாகச் சேர்த்து, மலையாளம், கன்னடம், தெலுங்கு வடிவங்களையும் உடன் காட்டுகிறது. பொன், மணி, கோத்த உரு என்று தமிழில் அது பெற்றிருக்கும் பழைய பொருள்கள் எடையளவுப் பெயரிலிருந்து கிளைத்தவை போலத் தோன்றவில்லை; எனக்குப் பின்னவர் கூற்றே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நம் கேள்விக்கு இந்தப் பூசல் தடையாவதில்லை. ஆங்கிலத்தின் நாணயப் பெயர் தென்னகத்துக் காசிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பதை ஹாப்ஸன்–ஜாப்ஸனும் மறுக்கவில்லை, அதைத்தான் வலியுறுத்துகிறது.

பெட்டியின் கேஷ் அதன் பிறகும் பொருள் மாறிக்கொண்டே இருந்தது. 1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை வேல்ஸ் கரையில் இறங்கிய செய்தி பரவி மக்கள் பொன் கேட்டுத் திரண்டபோது, இங்கிலாந்து வங்கி கேஷ் கொடுப்பதை நிறுத்த அரசு ஆணையிட்டது. நிறுத்தியது பொன்னை, வங்கித் தாளை அல்ல. தாள் அப்போது கேஷ் அன்று. 1819இல் இதற்கென்றே சட்டம் இயற்றி, 1821இல்தான் மறுபடி பொன் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தின் பேச்சில் கேஷ் என்றால் பொன் நாணயம் மட்டுமே. இன்று அதே தாள்தான் கேஷ். இந்தியாவில் 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது கேஷ் இல்லை என்று மக்கள் தவித்தது தாளுக்காக. பெட்டி, பெட்டியிலுள்ள பணம், தாளுக்கு எதிரான பொன், கைபேசிக்கு எதிரான தாள் என்று நானூறு ஆண்டில் அது இத்தனை இடம் பெயர்ந்திருக்கிறது.

நாணயக் கேஷ் அப்படிப் பொருள் மாறவில்லை. அது குறித்த நாணயம் மறைய மறையச் சுருங்கியது. 1818இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் அளவுகோலாகி, நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்குத் தீர்த்தபோது கம்பெனியின் காசுப் பத்தி மூடப்பட்டது. தரங்கம்பாடியின் காஸ் 1845இல் கொடியோடு இறங்கியது. புதுக்கோட்டையில் அம்மன்காசு, பிரகதாம்பாள் உருவத்தோடு இருபதாம் நூற்றாண்டு வரை வழங்கியது. திருவிதாங்கூர் பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் என்று, ரூபாய்க்கு 448 காசு வைத்து, 1949இல் அரசு இணையும் வரை தன் செப்புக் காசை விடாமல் வைத்திருந்தது. சீனாவில் சதுரத் துளையிட்ட வட்ட நாணயம், கிறிஸ்துவுக்கு முன் 221இல் சின் பேரரசு நாடு முழுமைக்கும் பொதுவாக்கியது தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வார்க்கப்பட்டது. வார்த்தவர்கள் அதை ச்சியன் என்றும் வென் என்றும் அழைத்தார்கள். மேற்குலக நாணயவியலில் அதன் பெயர் கேஷ். அது வணிகப் பெட்டியின் கேஷ் அன்று. மலபாரிலும் சோழமண்டலத்திலும் சந்தைப் பெண்கள் சில்லறையாக எண்ணிக் கொடுத்த காசு.

அந்தக் காசுகள் 3,360 சேர்ந்தால் கிடைத்த வராகனுக்கு ஐரோப்பியர் பகோடா என்று பெயரிட்டதும், அந்தப் பெயரின் மூலம் பற்றி எழுந்த பூசல்களும் அடுத்த பகுதியில்.